தேசிய குவாண்டம் இயக்கம்: நிதி ஆய்வகத்தோடு நின்றுவிடுமா?

கேள்வி:
2023 ஏப்ரல் 19 அன்று ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) வரையிலான குவாண்டம் கணினிகளை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. இந்த நிதி தொழில்துறையையும் சென்றடையுமா? முதுகலை இயற்பியல் முடிக்கவிருக்கும் எனக்கு இது வெறும் ஆர்வக் கேள்வி அன்று.

பதில் 1:
சென்றடையத் தொடங்கிவிட்டது. கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்குச் சென்னை ஐஐடி, உணர்விகளுக்கு மும்பை ஐஐடி, பொருள்களுக்கும் கருவிகளுக்கும் டெல்லி ஐஐடி என நான்கு மையங்கள் அமைந்துள்ளன. 2024இல் எட்டு புத்தொழில் நிறுவனங்களும் உதவிக்குத் தேர்வாகின.

பதில் 2:
உண்மையான இடைவெளி உதிரிபாகங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மீக்கடத்தி (மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) கொண்டு செய்யப்படும் கியூபிட்டுகள் தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது இயன்ற மிகக் குறைந்த வெப்பநிலைக்கு, மிக அருகில், ஒரு கெல்வினின் நூற்றில் ஒரு பங்கு அளவிலான குளிரில் இயங்குவதால், ஹீலியத்தின் இரு வகைகளான ஹீலியம்-3, ஹீலியம்-4 ஆகியவற்றின் கலவையில் இயங்கும் குளிர்விப்பு இயந்திரமும், வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கடத்தாமல் நுண்ணலைச் சமிக்ஞையை மட்டும் கொண்டுசெல்லும் கேபிள்களும் தேவைப்படுகின்றன. அந்த எட்டு நிறுவனங்களுள் ஒன்றான டிமிரா இத்தகைய கேபிள்களைத்தான் உருவாக்குகிறது. கணினியைப் பற்றி எழுதுவோர் பலர். கேபிளைப் பற்றி எழுதுவோர் அரிது. நீங்கள் தாழ்வெப்ப இயற்பியலையோ நுண்ணலை மின்னணுவியலையோ கற்றுக்கொள்ளுங்கள்.

பதில் 3:
ஒளியியலையும் விட்டுவிடாதீர்கள். 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குக் குவாண்டம் முறையில் மறைகுறித் திறவுகோல் (தகவலை இரகசியமாகப் பூட்டித் திறக்கும் குறியீடு) பகிர்வதும் இயக்கத்தின் இலக்கே. அதற்கு ஒற்றை ஃபோட்டானை (ஒளித்துகளை)க் கண்டறியும் உணர்விகள் வேண்டும்.