காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வருமா?

கேள்வி: மகளுக்கு எட்டு வாரம். பத்து நாளாக விட்டுவிட்டு இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் நடுவே வெடுக்கென்று மூச்சை இழுக்கிறாள். உடம்பு சுடவே இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் நிமோனியா. ஐந்து நாள் அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக் கொடுத்தும் அப்படியேதான் இருக்கிறது.

பதில் (குழந்தை மருத்துவர்): பிறந்த புதிதில் கண்ணில் பீளை கட்டியதா? ரத்தத்தில் ஈசினோபில் (ஒருவகை வெள்ளை அணு) கூடுதலா?

கேட்டவர்: இரண்டும் ஆமாம்! சொட்டு மருந்தில் கண் சரியாகிவிட்டதே?

மருத்துவர்: சொட்டு கண்ணோடு நின்றுவிடும், மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமியை அழிக்காது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம்; பெரியவர்களிடையே இது உடலுறவில் பரவும். மூக்கின் உட்பகுதியில் சளி எடுத்து பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள், கக்குவானுக்கும் சேர்த்தே. உறுதியானால் அசித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். இவற்றைக் கொடுத்தபின் பால் பீய்ச்சியடிப்பதுபோல வாந்தியானால் உடனே காட்டுங்கள், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்து அடைபடக்கூடும். பெற்றோர் இருவருக்கும் சிகிச்சை வேண்டும். மூச்சு நின்று நின்று வந்தாலோ உதடு நீலமானாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்னொரு அம்மா: இருமலை போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். எங்கள் பையன் டாக்டர் முன்னால் ஒருமுறைகூட இருமவில்லை!