அரசு காப்புரிமை உள்ள மண் சீராக்கிக்கு உரிமம்: அறிவிப்பு வந்த பிறகும் கேட்கலாமா?

கேள்வி:
அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ஏ.ஆர்.எஸ். கையில் ஒரு காப்புரிமை இருக்கிறது. பயோசாரோடு (காற்றை மட்டுப்படுத்திச் சுட்ட தாவரக் கரி) இயற்கைத் தாதுக்களைச் சேர்த்த மண் சீராக்கி. அதை வேறொரு நிறுவனத்துக்குத் தனி உரிமமாக (வேறு யாருக்கும் தராமல்) கொடுக்கப்போவதாக அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் அறிவிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் பதிவான சிறு நிறுவனம் இனியும் நுழைய வழி உண்டா? விண்ணப்பத்தில் எதைக் காட்டினால் எடுபடும்?

பதில் 1:
உண்டு, ஆனால் நாள் குறைவு. தனி உரிமம் தருவதற்கு முன் குறைந்தது 15 நாள் பொது அறிவிப்பு வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 209ஆம் பிரிவு. கடைசித் தேதிக்குள் ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். "எங்களுக்கும் வேண்டும்" என்று எழுதுவதில் பயனில்லை. தனி உரிமம் இல்லாமலே இதற்கு முதலீடு வரும், அல்லது அது போட்டியை நசுக்கும் என்று ஆதாரத்தோடு காட்டுங்கள். கூடவே முழு உரிம விண்ணப்பத்தையும் வையுங்கள்.

எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். நர்சரித் தொட்டிக் கலவை என்று ஒரே ஒரு பயன்பாட்டை மட்டும் கேட்டால் பேச இடம் கிடைக்கும். சிறு நிறுவனங்களுக்குச் சட்டத்திலேயே முன்னுரிமை உண்டு. அமெரிக்காவில் விற்கும் சரக்கைப் பெரும்பாலும் அங்கேயே தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும்.

பதில் 2:
கண்டுபிடிப்பை எப்படிப் பொருளாக்கிச் சந்தைக்குக் கொண்டுவருவீர்கள் என்ற வளர்ச்சித் திட்டம் இல்லாத விண்ணப்பத்துக்கு உரிமம் கிடையாது. அதில் பலரும் சறுக்குவது அளவுக் கணக்கில்தான். தொட்டிச் சோதனையில் மண் எடையில் 1% சேர்த்துப் பலன் கண்டிருப்பார்கள். வயலுக்கு அதையே போட்டுப் பாருங்கள்: ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் 1,500 கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 1.3 டன் என்றால் 1,950 டன். அதில் 1% என்பது 19.5 டன் சரக்கு! எந்த விவசாயி வாங்குவார்? 75 செ.மீ. இடைவெளியுள்ள வரிசைகளில் 10 செ.மீ. பட்டையாக மட்டும் இட்டால் 2.6 டன்னில் முடியும். ஆனால் தொட்டியில் வந்த பலன் பட்டையில் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தனிச் சோதனை வைத்து, அந்தக் காலத்தையும் செலவையும் திட்டத்தில் காட்டுங்கள்.

ராயல்டியை டன் கணக்கில் பேசினால் "உலர் எடை" என்று எழுதி வாங்குங்கள். பயோசார் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். 30% ஈரமுள்ள ஒரு டன்னில் 300 கிலோ வெறும் தண்ணீர், அதற்கும் ராயல்டி கட்டுவீர்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் சூளை வெப்பம், ஈரம், பி.எச். குறித்து வையுங்கள். மூலப்பொருள் மாறினாலே சாம்பலும் பி.எச்.சும் மாறிவிடும்.

பதில் 3:
இதற்கெல்லாம் முன்னால் காப்புரிமையின் கிளெய்ம்களை (எதற்கு உரிமை என்று எல்லை சொல்லும் பகுதி) வரிவரியாகப் படியுங்கள். இயற்கையில் கிடைப்பதை அப்படியே யாரும் காப்புரிமை செய்ய முடியாது. கலவை விகிதமோ, பக்குவப்படுத்தும் முறையோதான் அதில் இருக்கும். உங்கள் கலவை அந்த எல்லைக்குள் வரவில்லை என்றால் இந்த உரிமமே தேவைப்படாது.

உரிமம் கிடைத்ததும் விற்றுவிட முடியாது. மாநில விதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். லேபிளில் ஒரு சொல் போதும், சிக்கிக்கொள்வீர்கள்: "வேர்ப்புழுவைத் தடுக்கும்" என்று போட்டால் பூச்சிக்கொல்லிச் சட்டம், "தழைச்சத்து தரும்" என்றால் உர விதிகள். "ஈரம் காக்கும்" போன்ற, சோதனையில் காட்ட முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

இந்தியாவில் விற்கும் எண்ணமும் இருந்தால், அங்கே தனியாகக் காப்புரிமை எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அமெரிக்கக் காப்புரிமை அங்கே செல்லாது.