லேசர் வெல்டில் அடிக்குமிழ்: எக்ஸ்ரே பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஓசூர் பக்கம் அலுமினியத் தகடுகளுக்கு லேசர் வெல்டிங். தகடு 3 மி.மீ., ஃபைபர் லேசர் 2 கிலோவாட், வேகம் நிமிடத்துக்கு 2 மீட்டர், காப்பு வாயுவாக ஆர்கான் நிமிடத்துக்கு 15 லிட்டர். எக்ஸ்ரே ஃபிலிமில் வெல்டு தையலின் நடுக்கோட்டிலேயே மிளகு தூவினாற்போல் கருப்புப் புள்ளிகள். வெட்டிப் பார்த்தால் அத்தனையும் வாயுக்குமிழ்கள், வெல்டின் அடியில். ஈரமோ எண்ணெயோ காரணமென்றால் பொடிப்பொடியாகச் சிதறியிருக்குமே! அசிட்டோன், ஸ்டெயின்லெஸ் பிரஷ் இரண்டும் போட்டாயிற்று. ஆவிக்குழி (லேசர் உலோகத்தை ஆவியாக்கித் துளைக்கும் ஆழமான குழி, keyhole) சரிந்து அடியில் வாயு சிக்குகிறது என்றே படுகிறது. வேகத்தை 3 மீட்டருக்கு ஏற்றினால் குமிழ் குறைகிறது, ஆனால் ஊடுருவல் போதவில்லை.

பீமை வட்டமாக ஆட்டினால் குழி நிலைக்குமா? என்ன வீச்சு, எத்தனை ஹெர்ட்ஸ்? 0.06 மி.மீ.க்குக் கீழான குமிழ்களுக்கு ஃபிலிமை நம்ப முடியாது. அதனால் இந்தோரின் இண்டஸ்-2 (சின்க்ரோட்ரான் என்னும் செறிவான எக்ஸ்ரே தரும் துகள் முடுக்கி) எக்ஸ்ரே இமேஜிங்குக்கு மாதிரி அனுப்பியவர்கள் இருந்தால் நடைமுறையைச் சொல்லுங்கள்.