எழுத்தைக் கழற்றச் சொன்ன அண்ணன்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் காடி (கார்) பாலிஷும் சாயமும் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பென்ஸ், பிஎம்டபிள்யூ காடிகளின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எழுத்தை எடுக்கச் சொல்லி அவ்வப்போது ஆள் வருவார்கள். பெரும்பாலும் ஈப்போ பையன்கள்தான். அழகுக்காகக் கேட்பார்கள், முடித்து அனுப்பிவிடுவேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தவர் மட்டும் மனதிலேயே நிற்கிறார்.

ஐம்பது வயது இருக்கும். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது கிள்ளானில் லாரித் தொழில் செய்கிறார். இரண்டாம் கையாக வாங்கிய கருநீல பென்ஸ் இ 250. "பின்னாடி அந்த எழுத்து வேணாம் தம்பி" என்றார். நான் காரணம் கேட்பதில்லை. அவரே சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் சொந்தத்தில் ஒரு சாவுக்கு வந்திருக்கிறார். காடியை நிறுத்தி இறங்கியதும் ஒருவர் ஓடிப்போய் இவருக்கு மட்டும் நாற்காலி எடுத்து வந்து போட்டாராம். பக்கத்திலேயே பழைய மண்டோர், தோட்டத்து வேலையாட்களை மேய்த்த கங்காணி, எண்பதை நெருங்கியவர், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சின்ன வயதில் அந்த மண்டோரைப் பார்த்தால் இவர் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பாராம். அதையாவது பொறுத்துக்கொண்டேன் என்றார். பிறந்ததிலிருந்து "வாடா" என்று கூப்பிட்ட அத்தை அன்றைக்கு "வாங்க" என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அந்த 'வாங்க' இன்னும் காதிலேயே கிடக்குது தம்பி."

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக. முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். மண் இருந்தால் சாயத்தில் கோடு விழும். எழுத்து இருக்கும் இடத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி அளந்து, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் திரும்ப ஒட்டச் சொன்னால் கோணலாகாமல் இருக்கும். முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினால் பசை இளகும். தூண்டில் நரம்பை எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டு ரம்பம் போல் மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பவே கூடாது. மிச்சமிருக்கும் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்துவிட்டு, பசை நீக்கும் திரவம் போட்டுத் துடைத்தால் போதும். தின்னர் வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் தின்னர் போட்டுத் துடைத்தேன். அந்தக் காடியின் பூட் (பின்பக்க மூடி) ஏற்கெனவே மறுசாயம் அடித்தது என்று எனக்குத் தெரியாது. சாயம் மங்கி, முழு பூட்டையும் என் கைக்காசில் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எழுத்தை எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. நம் ஊர் வெயிலில் வருஷக்கணக்கில் நின்ற காடியில், எழுத்துக்கு அடியில் இருந்த சாயம் மட்டும் வெளுக்காமல் புதிதாகவே இருக்கும். சாய்வாகப் பார்த்தால் 'இ 250' என்று நிழல் போலத் தெரியும். அதைப் பாலிஷ் போட்டுச் சுற்றியிருக்கும் சாயத்தோடு சேர்ப்பதற்கே எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

முன்னால் பானெட்டில் நிற்கும் நட்சத்திரத்தையும் எடுக்கச் சொன்னார். அது ஒட்டினது இல்லை, துளை போட்டு மாட்டியது. எடுத்தால் ஓட்டை நிற்கும், தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும் என்று மறுத்துவிட்டேன்.

எனக்கு இந்த வேலையில் ஒரு தயக்கம் உண்டு. என் அப்பா தோட்டத்துத் துரைக்குக் காடி ஓட்டியவர். பழைய பென்ஸ் 200. விடியற்காலையில் பல் துலக்கும் பிரஷை வைத்து அந்த '200' எழுத்தின் இடுக்கில் எல்லாம் தேய்ப்பார். துரைக்காக இல்லை, காடி தன் கையில் இருப்பதால். அப்படித் தேய்த்தவரின் மகன் நான் எழுத்தைப் பிய்த்தெடுக்கிறேன். அதனால் கழற்றிய எதையும் குப்பையில் போடுவதில்லை. தாளில் சுற்றிக் காடிக்காரரிடம் கொடுப்பேன். இந்த அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வெச்சிரு" என்றார்.

உங்களுக்கும் இப்படி யாரையாவது பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

பதில், கூலிமிலிருந்து:

அண்ணே, புதுக் காடி எடுப்பவர்களுக்கு இந்தச் சிரமமே வேண்டாம். ஜெர்மனியில் இது ரொம்ப காலமாக இருக்கிற பழக்கம். ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்து வேண்டாம் என்று சொல்லலாம். பிஎம்டபிள்யூவில் அதற்கு 320 என்று ஒரு குறியீட்டு எண்ணே உண்டு. 320i என்ற மாடல் காடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊரிலேயே பாகங்களைப் பூட்டி பிஎம்டபிள்யூ காடி செய்கிறார்கள், ஆனால் இங்கே ஷோரூமில் நிற்கும் காடியை எழுத்தோடுதான் வாங்க வேண்டியிருக்கிறது. என் மாமா ஐந்து வருஷம் எழுத்தில்லாமல் ஓட்டிவிட்டு விற்கப் போனார். வாங்க வந்தவர் மாடலை நம்பாமல் கெரானை, அதான் காடியின் பதிவுப் பத்திரத்தை, காட்டு என்று நின்றார். மாமா எழுத்தைத் தூக்கிப் போட்டிருந்தார். நீங்கள் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

பதில், கோல சிலாங்கூரிலிருந்து:

எங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்தது அண்ணா. என் தம்பி பிஎம்டபிள்யூ 330i ஒன்று வாங்கினான். அப்பா பின்னால் போய் எழுத்தைப் படித்துவிட்டு, மூவாயிரம் சிசி, ரோடு டாக்ஸே 2,130 வெள்ளி (ரிங்கிட்) ஆகுமே என்று சாப்பிடவே இல்லை. அந்தக் காலத்தில் எண்ணைப் பார்த்தால் இன்ஜின் அளவு தெரியும், அவர் கணக்கு அது. இதுவோ 1,998 சிசி டர்போ. டாக்ஸ் 379 வெள்ளி. கெரானை எடுத்துக் காட்டியும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. தம்பி மறுநாளே எழுத்தை எடுத்துவிட்டான். காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இல்லை, அப்பா தினமும் அதைப் பார்த்துக் கவலைப்படக் கூடாது என்பதற்காக.

அந்த கிள்ளான் அண்ணனை அத்தை அப்புறம் எப்படிக் கூப்பிட்டார்? அதைச் சொல்லுங்கள்.

பட்டறையிலிருந்து மீண்டும்:

தங்கச்சி கேட்டதால் சொல்கிறேன். தீபாவளி முடிந்து கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் டீ குடிக்க வந்தார். "எழுத்தை அத்தை எங்கே பார்த்தது? அதுக்குப் படிக்கவே தெரியாது. நட்சத்திரத்தைத்தான் பார்த்திருக்குது" என்றார். நான் எடுக்க மறுத்த அதே நட்சத்திரம். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

அவர் காடியைக் கோயில் திடலிலேயே விட்டுவிட்டு, பலகாரத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு செம்பனைக்கு நடுவே போகும் மண்பாதையில் நடந்தே போயிருக்கிறார். அத்தை வாசலிலிருந்தே சத்தம் போட்டாராம்: "ஏன்டா இந்த வெயில்ல நடந்து வர்றே? காடி என்னடா ஆச்சு?"

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எழுத்து இன்னும் என் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.