யூக்ளிடின் இரண்டாம் புத்தகத்தில் இருப்பது இயற்கணிதமா?

மணற்பலகை:
கிரேக்க வடிவியலாளர் யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் இரண்டாம் புத்தகம் வடிவியல் போர்த்திய இயற்கணிதம் என்பது என் கருத்து. அதன் 4ஆம் தேற்றத்தைப் பாருங்கள். ஒரு கோட்டை எந்த இடத்தில் வெட்டினாலும், முழுக்கோட்டின் மேல் அமையும் சதுரம், இரு துண்டுகளின் மேல் அமையும் சதுரங்களும் அத்துண்டுகளால் ஆன செவ்வகத்தின் இரு மடங்கும் சேர்ந்ததற்குச் சமம் என்கிறது அது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த (a + b)² = a² + b² + 2ab என்ற முற்றொருமையேதான் இது. 1880களில் டென்மார்க்கின் கணித வரலாற்றாளர் ஸொய்ட்டன் இதற்கு ‘வடிவியல் இயற்கணிதம்’ என்று பெயரிட்டார். பாபிலோனியரின் எண்கணக்கைப் பெற்ற கிரேக்கர், பின்னமாக எழுத முடியாத விகிதமுறா அளவுகளைக் கண்டபின் அதைக் கோடுகளின் மொழிக்கு மாற்றினர் என்று கணித வரலாற்றை எழுதிய நாய்கெபாவரும் வான் டெர் வார்டனும் விளக்கினர்.

அளவுகோல்:
நண்பரே, இந்த வாசிப்பைத்தான் 1975இல் கணித வரலாற்றாளர் சபெட்டாய் உங்குரு கடுமையாக மறுத்தார். யூக்ளிட் தம் கோடுகளுக்கு எண் மதிப்பு எதையும் தரவில்லை; அவருடைய செவ்வகம் ஒரு பெருக்கல்தொகை அன்று, வரையப்பட்ட உருவம். அந்த உருவத்தைக் குறியீடாக மாற்றிவிட்டால் எதை இழக்கிறோம் என்பதற்கு 5ஆம், 6ஆம் தேற்றங்களே சான்று. குறியீட்டில் எழுதினால் இரண்டும் (a + b)(a − b) = a² − b² என்ற ஒரே முற்றொருமையாகச் சுருங்கிவிடும். அப்படியானால் யூக்ளிட் ஏன் ஒன்றையே இரு முறை நிறுவினார்? ஒன்றில் வெட்டுப்புள்ளி கோட்டுக்குள் இருக்கிறது, மற்றதில் கோடு வெளியே நீட்டப்படுகிறது. மூன்றாம் புத்தகத்தில் வட்டத்துக்குள் வெட்டிக்கொள்ளும் நாண்களுக்கு 5ஆம் தேற்றமும், வெளிப்புள்ளியிலிருந்து வரையும் தொடுகோட்டுக்கு 6ஆம் தேற்றமும் பயன்படுகின்றன. உள், வெளி என்ற வேறுபாடு வடிவியலாளருக்கு உயிரானது. குறியீடு அதை அழித்துவிடுகிறது.

மணற்பலகை:
உங்குருவுக்கு, அவருடைய மறுப்பு வெளிவந்த அதே ஆய்விதழில், வான் டெர் வார்டன் 1976இலும், ஃபிராய்டென்டால் 1977இலும், ஆந்த்ரே வெய் 1978இலும் விடையளித்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா? குறியீடு இல்லாததால் இயற்கணிதம் இல்லை என்றால், ஒன்பதாம் நூற்றாண்டில் எண்களைக்கூடச் சொற்களாலேயே எழுதி இயற்கணித நூல் படைத்த அல் குவாரிஸ்மியை எங்கே வைப்பீர்கள்? அவர் காலத்தை அடுத்து வந்த கணிதர் தாபித் இப்னு குர்ரா, இருபடிச் சமன்பாடுகளின் தீர்வுமுறைகளை நீங்கள் குறிப்பிட்ட அதே 5, 6ஆம் தேற்றங்களைக் கொண்டுதான் நிறுவினார். கிரேக்கக் கணிதர் ஹெரோனோ, இரண்டாம் புத்தகத்தின் 2 முதல் 10 வரையிலான தேற்றங்களை உருவம் வரையாமலே நிறுவியதாக, யூக்ளிடுக்கு அல் நைரிஸி எழுதிய உரை தெரிவிக்கிறது. முக்கோணப் பரப்புக்கு ஹெரோன் தந்த விதியில் பரப்போடு பரப்பைப் பெருக்கவும் தயங்கவில்லை.

அளவுகோல்:
தாபித் என் பக்கத்துச் சாட்சி, ஐயா. இரண்டும் ஒன்றே என்றால், அவற்றை இணைத்துக் காட்ட ஒருவர் தனியே எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது? அல் குவாரிஸ்மியிடம் தேடப்படும் ‘பொருள்’ ஒன்று உண்டு, சமன்பாடுகளின் ஆறு வகைகள் உண்டு. இரண்டாம் புத்தகத்தின் முதல் பத்துத் தேற்றங்களில் எதுவும் தேடப்படவில்லை. ஹெரோன் யூக்ளிடுக்கு ஏறத்தாழ 350 ஆண்டுகள் பிற்பட்டவர். அவரைக் கொண்டு யூக்ளிடின் எண்ணத்தை அளப்பது பேரனின் கையெழுத்தைக் கொண்டு பாட்டனின் ஓலையைத் திருத்துவது போன்றது.

களிமண்ஏடு:
இருவரும் பாபிலோனைத் தாண்டிச் சென்றுவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் முக்கியச் செய்தி இருப்பதாகப் படுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 13901 எண்ணிட்ட பாபிலோனியக் களிமண் ஏட்டில், ‘பரப்பையும் பக்கத்தையும் சேர்த்தேன், முக்கால்’ என்று முதல் கணக்கு வருகிறது. கணித வரலாற்றாளர் ஹாய்ரூப் அந்த ஏடுகளின் மொழியான அக்காடியத்தின் சொற்களை ஆராய்ந்து, கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் வேறு வேறு பொருளில் வருவதைக் காட்டினார். சதுரத்தின் பக்கத்துக்கு 1 அகலம் கொடுத்துச் செவ்வகமாக்கி, அந்தச் செவ்வகத்தை அகலவாக்கில் இரு பாதியாக வெட்டி, ஒரு பாதியை நகர்த்திச் சதுரத்தின் அடுத்த பக்கத்தில் ஒட்ட வேண்டும். மூலையில் குறையும் கால் பரப்புச் சதுரத்தை நிரப்பினால் முழுச் சதுரம் 1 ஆகிறது. அதன் பக்கமான 1இலிருந்து அரையைக் கழித்தால் விடை அரை. ஆகவே மூலமே வெட்டி ஒட்டும் வடிவியலாக இருக்கும்போது, எண்ணிலிருந்து கோட்டுக்கு மாற்றினார்கள் என்ற விளக்கம் நிற்காது. ஆனாலும் ஹாய்ரூப் தம் 2002ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் இயற்கணிதம் என்ற சொல்லை விட்டுவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மணற்பலகை:
ஏற்கிறேன், மொழிமாற்றம் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தேடுதல் இல்லை என்பதை ஏற்க முடியாது. ஆறாம் புத்தகத்தின் 28, 29ஆம் கணக்குகள், கொடுத்த கோட்டின் மேல், கொடுத்த உருவத்துக்குச் சமமான இணைகரத்தைக் குறைவோடும் (கோட்டின் முடிவை எட்டாமல்) மிகையோடும் (அதைத் தாண்டி) அமைக்கச் சொல்கின்றன. நீள்வட்டத்துக்கும் அதிபரவளையத்துக்கும் கிரேக்கக் கணிதர் அப்பொலோனியஸ் வைத்த கிரேக்கப் பெயர்களே அந்தக் குறைவையும் மிகையையும் குறிப்பவை. அறியாத ஒன்றை நிபந்தனையிலிருந்து கண்டடைவது இயற்கணிதம் அன்றி வேறென்ன?

அளவுகோல்:
அங்கே தேடல் உண்டு என்பது உண்மை. முதல் பத்துத் தேற்றங்களோடு நான் நின்றுவிட்டது குறைதான். ஆனால் அங்கும் கிடைப்பது வரைய வேண்டிய கோடு, கணக்கிட்ட எண் அன்று. அதற்கு முந்தைய 27ஆம் தேற்றம், அத்தகைய இணைகரங்களில் பாதிக்கோட்டின் மேல் அமைவதே மிகப் பெரியது என்று நிறுவுகிறது. நீங்கள் அதைச் சமன்பாட்டுக்குத் தீர்வு இருப்பதற்கான நிபந்தனை என்று படிப்பீர்கள். நான் பரப்புகளின் ஒப்பீடு என்று படிக்கிறேன். அடுத்த பதிவில் அதன் நிறுவலை வரிவரியாக எழுதுகிறேன். எந்த வரியில் உங்களுக்குச் சமன்பாடு தென்படுகிறது என்று காட்டுங்கள்.