'உணவுத் தரம்' பொருந்தவில்லை: வினாக்கொத்துக்கு ஒரு சொல்

மட்டக்களப்பிலிருந்து:

அன்பின் நண்பர்களே, குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் உள்ளவர்களுக்கான உணவு வினாக்கொத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான 'குடல் அழற்சி நோய்' என்ற பெயர் பழகிவிட்டது. 'டயட் குவாலிட்டி'யில்தான் நிற்கிறேன். 'உணவுத் தரம்' என்று எழுதிக் கல்லடியில் ஒரு தாயிடம் வாசித்துக் காட்டினேன். மகனுக்கு இந்த நோய். "நாங்கள் பழுதான சாமான் வாங்குவதில்லை, தம்பி. மீன்கூடக் காலையில் கரைக்கு வந்ததுதான்" என்றார், முகம் வாடி. நான் கேட்க வந்தது அதுவல்ல. ஒருவர் வழக்கமாக உண்பவை எல்லாம் சேர்ந்து உடலுக்குப் போதுமா, போதிய வகை உண்டா என்பதே கேள்வி.

காரைதீவிலிருந்து:

தம்பி, விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு 'குவாலிட்டி'க்குத் தலையாட்ட என்னால் முடியாது. 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். வேரைப் பாருங்கள். 'உண்' நீண்டால் ஊண், பிறவினையானால் ஊட்டு, அதிலிருந்து ஊட்டம். 945ஆம் குறள் 'மாறுபாடு இல்லாத உண்டி' என்கிறது. உடலோடு முரண்படாத உணவு! குடல் நோயாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? 'உண்டிச் செம்மை' என்று வையுங்கள். அழற்சியும் அழகான சொல்: சுழல் சுழற்சியானதுபோல, அழல் அழற்சியானது. அழல் என்றால் நெருப்பு. முயற்சி, பயிற்சி எல்லாம் இதே வாய்பாடுதான்.

கல்முனையிலிருந்து:

சேர், இலக்கணம் சரி. ஆனால் எங்கள் கிளினிக்கில் 'உண்டி' என்றால் கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வரும். 'செம்மை' இன்னும் கடினம். வினாக்கொத்தில் புள்ளி குறைந்தவர் தாம் தவறு செய்ததாக நினைத்துவிடுவார். உணவை அளக்கும் பொதுவான சுட்டெண்கள் தவிட்டோடு கூடிய தானியம், பயறு, கீரை ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுக்கின்றன. குடல் சுருங்கி, நோய் கிளர்ந்திருக்கும் நாட்களில் நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வதே நாங்கள்தான். பிறகு நோய் அடங்கியும் பயத்தில் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்குமாகவே காலம் தள்ளுகிறார்கள். அவர்களைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அப்படியானால் 'பத்தியம்' என்ற சொல்லும் விழுந்துவிடுகிறது. பத்தியம் முழுதாகக் காத்தவருக்கே புள்ளி மிகக் குறைவாக வரலாமே. 'டயட்' என்றே விடலாம் என்று எழுத வந்தேன். ஆனால் எங்கள் ஊரில் அது மெலிவதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பது. 'உணவுமுறைத் தரம்' போதும். எனக்கு வேறு தோன்றவில்லை.

மட்டக்களப்பிலிருந்து:

அக்கரைப்பற்று நண்பர் சொன்ன 'உணவுமுறைத் தரம்' என்பதையே இடுகிறேன். கீழே ஒரு வரி விளக்கமும் சேர்த்தேன்: 'நீங்கள் வழக்கமாக உண்பவை உடலுக்குத் தேவையானவற்றை எந்த அளவுக்குத் தருகின்றன'. அதே தாயிடம் மறுபடி வாசித்தேன். இந்த முறை முகம் வாடவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "வயிறு கலங்கிய கிழமையை எழுதவா, நல்ல கிழமையை எழுதவா?" என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும் என்று இன்று எழுதி அனுப்புகிறேன்.

காரைதீவிலிருந்து:

அந்தத் தாய் கேட்டது சரியான கேள்வி. சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 'முறை' என்றதும் யாரோ விதித்ததுபோல் ஒலிக்கிறது. என் வாக்கு இன்னும் உண்டிக்கே.