மறு: ‘இறங்குதளம்’ வேண்டாம், ‘மரபணுமாடம்’ என்போம்

> ‘லேண்டிங் பேட்’ = இறங்குதளம்; உள்ளே வைக்கும் செயல் எதுவானாலும் செருகல். இவை போதும்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மரபணுப் பொறியியல் கலைச்சொற்கள் பற்றி மேலே நீங்கள் எழுதியதற்கு இது என் பதில். ‘லேண்டிங் பேட்’ என்பது புதிய டிஎன்ஏவை ஏற்கக் குரோமோசோமில் முன்கூட்டியே அமைக்கும் இடம். செருகல் இருக்கட்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே என்பதை ஏற்க முடியவில்லை. பாலூட்டி உயிரணுவுக்குள் டிஎன்ஏவை அப்படியே செலுத்தினால், குரோமோசோமில் கண்ட இடத்தில் போய் ஒட்டும். பல நகல்கள் அடுத்தடுத்து ஒட்டும். இடையில் முறிந்தும் ஒட்டும். இடத்தைப் பொறுத்து மரபணு இயங்கும் அல்லது அடங்கிப்போகும். இதற்குச் செருகல் தகும். மரபணுவைச் சுமந்து செல்லும் லென்டிவைரஸ் என்ற நச்சுயிரி வழியும் இதில் சேரும். அது சுமப்பது 8,000–9,000 கார இணைகள்தான் (டிஎன்ஏ நீளத்தை இந்த இணைகளால் அளக்கிறோம்).

லட்சம் இணை நீளமுள்ள துண்டுக்கு வழியே வேறு. முதலில் சிறு டிஎன்ஏ வரிசை ஒன்றைத் தேர்ந்த இடத்தில் அமைக்கிறார்கள்; இதுதான் லேண்டிங் பேட். சுண்டெலிக் குரோமோசோமில் ரோசா26 இதற்குப் பெயர்பெற்ற இடம். அதன் இரு முனையிலும் கிரீ என்ற நொதி அடையாளம் காணும் 34 இணை நீள லாக்ஸ் தளங்கள், எடுத்துக்காட்டாக லாக்ஸ்பி, லாக்ஸ்2272. நடுவிலுள்ள 8 இணைகள் வேறுபடுவதால் அவை தமக்குள் சேர்வதில்லை. வரும் துண்டிலும் அதே இரு முனைகள். கிரீ நொதி சேர்ந்ததும் உள்ளே இருந்தது வெளியேறும், புதியது அங்கே அமரும். நியூயார்க் பல்கலைக்கழகக் குழு 2021-இல் வெளியிட்ட முறையும் இத்தகையதே. லட்சம் இணைக்கு மேற்பட்ட துண்டுகளைச் சுண்டெலிக் கருத் தண்டு உயிரணுவில் அமர்த்தினார்கள்.

இந்த இடமாற்றம் ‘இறங்குதளம்’ என்பதில் எங்கே இருக்கிறது? இங்கே மொரிசியஸில் என் மாணவர்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். இறங்குதளம் என்றால் பிளேசான்ஸ் விமான நிலையம்தான் அவர்கள் கண்ணில் நிற்கும். விளக்குமாடத்தை அவர்கள் கோவில் சுவரில், எண்ணெய்க் கறை படிந்த விளிம்போடு, பார்த்தே வளர்கிறார்கள். இடம் பார்த்து முன்கூட்டியே குடைந்தது. பழைய அகலை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள், சுவருக்கு ஒன்றும் ஆகாது. அதனால் மரபணுமாடம். அமைப்பது மாடமிடல், மாற்றுவது மாடமாற்று.

வெறும் ‘மாடம்’ இங்குள்ள காதில் ‘மதாம்’ (பிரெஞ்சில் ‘அம்மையார்’) என்று விழும். ஆகவே முழுச்சொல்லே நல்லது.

உள்ளே வைக்கும் டிஎன்ஏ துண்டான ‘பேலோடு’க்கு அம்மா ஒருவர் ‘சுமை’ என்று எழுதியிருந்தார். உயிரணுவுக்குப் பாரம் என்று பொருள்படும். ‘வைப்பு’ என்றால் மாடத்தோடு பொருந்தும்: ‘1,00,000 இணை வைப்பு’. அடுத்த கலைச்சொல் பட்டியலில் மரபணுமாடம், வைப்பு இரண்டையும் சேர்த்துவிடுங்கள், ஐயா.

அன்புடன்,
உயிரியல் ஆசிரியர், ரோஸ் ஹில்